வினியர் போட்ட ஸ்பீக்கர் பாக்ஸ்: குமரி ஈரத்தைத் தாங்கும்படி கட்டும் முறை

குமரி மாவட்டத்தில் வீட்டில் செய்த ஸ்பீக்கர் பாக்ஸ் கெடுவது பெரும்பாலும் எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கிய பிறகுதான். மார்ச்சில் வழவழவென்று இருந்த வினியரில் (பலகைமேல் ஒட்டும் மெல்லிய மர இதழ்) ஜூலைக்குள் மூலையை ஒட்டி நூல் பிடித்தாற்போல ஒரு கோடு எழும்பும். அடிவிளிம்பு உப்பும். காற்று போய்வரும் போர்ட் ஓட்டையின் உதடு பிளக்கும். பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபர் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருக்கும், பெட்டிதான் பார்க்கச் சகிக்காது. பலகையின் வெட்டுமுகம் ஓதம் குடித்து வீங்குகிறது. மேலே ஒட்டிய அரை மில்லிமீட்டர் வினியர் அந்த வீக்கத்தை அப்படியே காட்டிக்கொடுக்கிறது. தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் மாறிமாறி நனைக்கிற ஊரில் இதை வார்னிஷ் அடித்துச் சமாளிக்க முடியாது. பலகை வெட்டும் முறையிலும் வினியர் ஒட்டும் நாளிலும்தான் இதற்கு வழி இருக்கிறது.

அதனால் முதலில் நாள் பாருங்கள். பொங்கல் கழிந்ததிலிருந்து மார்ச் கடைசி வரை வினியர் வேலைக்கு நல்ல காலம். ஜூன், ஜூலையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் கிராஸ்ஓவர் (பேஸையும் மேல்சுருதியையும் பிரிக்கும் சர்க்யூட்) சால்டரிங், காயில் சுற்றுவது போன்றவற்றை வைத்துக்கொள்ளலாம், பசையைத் தொடாதீர்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வேலை செய்யும் அறையில் இருக்கட்டும். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்கு வினியர் வேண்டாம்.

இங்கே தரும் கணக்கு 6.5 இஞ்ச் ஊஃபர் ஒன்று, மேல்சுருதிக்கு 1 இஞ்ச் டோம் ட்வீட்டர் ஒன்று, முன்பக்கம் போர்ட் என்று ஒரு ஜோடிக்கானது.

ஊஃபர் முதலில், பலகை பிறகு

பெட்டியின் அளவை ஊஃபர்தான் முடிவு செய்கிறது. வாங்கும்போது மூன்று எண்களைக் கேளுங்கள்: எஃப்.எஸ். (ஊஃபர் தானாக அதிரும் அதிர்வெண்), க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்ற எண்), வி.ஏ.எஸ். (கோனின் தொங்கலுக்குச் சமமான மீள்தன்மை உள்ள காற்றின் லிட்டர்). இவை இல்லாத ஊஃபருக்குப் பெட்டி செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டுகிற வேலை. வாட்ஸ் எண்ணைப் பார்த்து வாங்குவதில் ஒரு பயனும் இல்லை.

எடுத்துக்காட்டாக எஃப்.எஸ். 45 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.38, வி.ஏ.எஸ். 25 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். போர்ட் வைத்த பெட்டிக்கான தோராயக் கணக்கு: க்யூ.டி.எஸ்.ஸை 2.87 அடுக்குக்கு உயர்த்தி, அதை 15ஆலும் வி.ஏ.எஸ்.ஆலும் பெருக்க வேண்டும். சுமார் 23 லிட்டர் வரும். போர்ட் ஒலிக்க வேண்டிய அதிர்வெண் சுமார் 45 ஹெர்ட்ஸ். இதே ஊஃபரைப் போர்ட் இல்லாமல் மூடிய பெட்டியில் போட்டால் 10 லிட்டர் போதும், ஆனால் 84 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் இறங்கிவிடும். தவில் கேட்கும், அதன் அடிமுழக்கம் கேட்காது.

க்யூ.டி.எஸ். 0.5ஐத் தாண்டிய ஊஃபருக்குப் போர்ட் வேண்டாம், மூடிய பெட்டி போடுங்கள். கார் ஸ்பீக்கர்களில் பல இந்த ரகம். திருவிழா மைக்செட்டுக்கான ஊஃபரை வீட்டுப் பெட்டியில் போட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. அதன் எஃப்.எஸ். உயரத்தில் இருப்பதால் சத்தம் காதைப் பிளக்கும், பேஸ் வராது.

எண்கள் கிடைக்காத பழைய ஊஃபர் கையில் இருந்தால் எஃப்.எஸ்.ஸை வீட்டிலேயே அளக்கலாம். 1 கிலோஓம் ரெசிஸ்டரை ஊஃபரோடு தொடராக ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, போனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பை ஓட்டி, 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றுங்கள். ஊஃபரின் இரண்டு முனையில் ஏ.சி. வோல்ட் எங்கே உச்சம் தொடுகிறதோ அதுதான் எஃப்.எஸ். பிறகு அதே ஊஃபரை அளவு தெரிந்த மூடிய பெட்டி ஒன்றில் பூட்டி மறுபடி அளந்தால் உச்சம் மேலே நகர்ந்திருக்கும். புதிய எண்ணைப் பழைய எண்ணால் வகுத்து, வர்க்கம் எடுத்து, ஒன்றைக் கழித்து, பெட்டியின் லிட்டரால் பெருக்கினால் வி.ஏ.எஸ். தோராயமாகக் கிடைக்கும்.

கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு சொல். குளச்சல், முட்டம் பக்கம் பூசாத காகிதக் கோன் வேண்டாம். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். பாலிப்ரொப்பிலீன் கோன் அல்லது பூச்சு போட்ட காகிதக் கோன் எடுங்கள்.

எந்தப் பலகை

குமரியில் அயனியும் தேக்கும் மகோகனியும் கிடைக்கும்போது எதற்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்று கேட்பது நியாயம்தான். திட மரம் இழைக்குக் குறுக்கே ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும். இழை நெடுக ஏறக்குறைய அசையாது. ஓர் அடி அகலப் பலகையைப் பெட்டியாக்கி நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் அது விரிய இடம் இல்லாமல் எங்காவது பிளந்துகொள்ளும். காற்று ஒழுகத் தொடங்கினால் பேஸும் போயிற்று. அயனியையும் தேக்கையும் விளிம்புச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் மரத்தில் விரல்மூட்டுப் போட்ட பலகை பரவாயில்லை, ஆனால் போரான் மருந்து ஏற்றியதா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் துளைப்பான் வண்டு மாவு கொட்டும்.

சாதா எம்.டி.எஃப். ஒலிக்கு அருமையானது, ஈரத்துக்கு மோசமானது. அதைவிட எச்.டி.எச்.எம்.ஆர். என்ற ஈரம் தாங்கும் பலகை இங்கே பொருத்தம். அடர்த்தி அதிகம், வெட்டுமுகம் குறைவாகவே உப்பும். பிளைவுட்தான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை எடுங்கள். ஈரத்தை ஓரளவே தாங்கும் எம்.ஆர். கிரேடு அறைக்குள் வைக்கும் அலமாரிக்குச் சரி, இதற்கு வேண்டாம். பிளைவுட்டில் உள்ளே காலி இடம் இருந்தால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் கிர்ரென்று அதிரும். வெட்டிய முகத்தைப் பார்த்தே வாங்குங்கள்.

18 மி.மீ. தடிமனில் 8க்கு 4 அடி பலகை ஒன்று ஜோடிக்குப் போதும், ஏறக்குறையப் பாதி மிஞ்சும். மிச்சத்தை எறிய வேண்டாம், வினியர் ஒத்திகைக்கு வேண்டும். கடையிலிருந்து வந்த பலகையை உடனே வெட்டாமல் வேலை செய்யும் அறையில் தரையிலிருந்து உயர்த்தி, இடையே ரீப்பர் வைத்து ஒரு வாரம் கிடத்துங்கள்.

வெட்டும் அளவு

வெளியளவு 420 உயரம், 230 அகலம், 360 ஆழம், எல்லாம் மி.மீ. ஒரு பெட்டிக்கு: பக்கப்பலகை 420 × 342 இரண்டு, மேல், கீழ் 230 × 342 இரண்டு, பின்பலகை 384 × 194 ஒன்று, முன்பலகை 420 × 230 ஒன்று, உள்தாங்கி 324 × 194 ஒன்று.

பக்கம், மேல், கீழ் நான்கும் சந்திக்கும் 342 மி.மீ. விளிம்புகளை 45 பாகையில் சாய்த்து வெட்ட வேண்டும். இதைத்தான் பலர் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். நேராக முட்ட வைத்து ஒட்டினால் ஒரு பலகையின் வெட்டுமுகம் இன்னொரு பலகையின் பரப்போடு வினியருக்கு அடியில் பக்கத்தில் கிடக்கும். இரண்டும் ஒரே அளவு உப்பாது. ஜூலையில் எழும்பும் கோடு அதுதான். சாய்த்து வெட்டினால் மூட்டு சரியாக மூலையில் போய் விழுந்துவிடும், பரப்பில் மூட்டே இருக்காது. கையில் வைத்து வெட்டும் சர்க்குலர் சாவில் இந்தத் துல்லியம் வராது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பேனல் சா வைத்திருக்கும் பட்டறையில் பிளேடைச் சாய்த்து வெட்டித் தரச் சொல்லுங்கள். முதலில் கழிவுத் துண்டு இரண்டில் வெட்டி, சேர்த்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகு நல்ல பலகையை ஏற்றட்டும்.

முன்பலகை இந்தக் கூட்டின்மேல் மூடிபோல உட்காரும். அதன் பின்விளிம்பைச் சுற்றி 3 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழம் வெட்டுத்தட்டு எடுத்துவிடுங்கள். கூட்டுக்கும் முன்பலகைக்கும் இடையே மெல்லிய நிழல்கோடு தெரியும். அழகுக்காகச் செய்ததுபோல இருக்கும், உண்மையில் அங்கே மூட்டு அசைந்தாலும் வினியர் கிழியாது.

உள்ளளவு 384 × 194 × 324, அதாவது 24.1 லிட்டர். ஊஃபர், போர்ட் குழாய், உள்தாங்கி, கிராஸ்ஓவர் எல்லாம் சேர்ந்து ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் தின்னும். மிச்சம் 22.5.

முன்பலகையில் மேல்விளிம்பிலிருந்து ட்வீட்டர் மையம் 75, ஊஃபர் மையம் 218, போர்ட் மையம் 355. ஓட்டையின் விட்டத்தை உங்கள் ஊஃபரை வைத்தே அளந்து எடுங்கள், ஒரே 6.5 இஞ்ச் என்று விற்பதில் சட்டம் 160 முதல் 170 வரை மாறும். ஊஃபர் ஓட்டையின் பின்விளிம்பை 45 பாகையில் சீவிவிடுங்கள், 18 மி.மீ. குழாய்க்குள் கோன் மூச்சுமுட்டக் கூடாது. ஸ்க்ரூ வரும் இடங்களில் மட்டும் சீவாமல் விடுங்கள்.

உள்தாங்கியின் நடுவைப் பெரிய சன்னலாக வெட்டி எடுத்து, சுற்றிலும் 35 மி.மீ. சட்டம் விட்டால் போதும். ட்வீட்டர் ஓட்டைக்கும் ஊஃபர் ஓட்டைக்கும் இடையே, மேலிருந்து 131 மி.மீ. மையத்தில் படுக்கையாக நிற்கட்டும்.

எம்.டி.எஃப். தூசி நுரையீரலுக்கு ஆகாது. மூக்கில் துணி கட்டுவது போதாது, என்95 மாஸ்க் போடுங்கள்.

கூட்டுவது

நான்கு பலகையையும் வெளிமுகம் மேலே தெரியும்படி தரையில் வரிசையாகப் போட்டு, சாய்வு முனைகள் தொட்டுக்கொண்டிருக்க, மூட்டின்மேல் அகலப் பேக்கிங் டேப்பை இறுக இழுத்து ஒட்டுங்கள். மொத்தத்தையும் திருப்பிப் போட்டால் நான்கு பள்ளம் தெரியும். ஃபெவிகாலில் மரைன் வகையை முதலில் மெல்லிதாக ஒரு கை தடவி, ஐந்து நிமிடம் விடுங்கள். வெட்டுமுகம் அதைக் குடித்துவிடும். குடித்த பிறகு இரண்டாம் கை. ஒரே கையில் தடவி மூடினால் பசையெல்லாம் பலகைக்குள் போய் மூட்டு வறண்டு நிற்கும். ஒரு தட்டில் விட்டுப்போகும்.

பிறகு மடித்து நிமிர்த்துங்கள். கடைசி மூலைக்கும் டேப் போட்டு, பார் கிளாம்பு இரண்டு மென்மையாக. இரண்டு மூலைவிட்டமும் 479 மி.மீ. காட்ட வேண்டும். ஒன்று கூடுதலாக இருந்தால் அந்த மூலைவிட்டத்தின்மேல் கிளாம்பைக் குறுக்கே போட்டு லேசாக முறுக்கினால் சரியாகும். மூட்டின் உள்மூலையில் 18 மி.மீ. சதுர ரப்பர் மரச் சட்டம் ஒட்டுங்கள். வெளியிலிருந்து ஸ்க்ரூவோ ஆணியோ அடிக்காதீர்கள். புட்டி வைத்து மூடினாலும் ஒரு மழைக்காலம் கழிந்தால் ஒவ்வொரு தலையும் வினியரில் அம்மைத் தழும்பாகத் தெரியும்.

பசை இறுகும் நேரம் பாட்டிலில் போட்டிருப்பதைவிட இங்கே கூடும். ஒரு ராத்திரி முழுக்க கிளாம்பில் விட்டுவிடுங்கள்.

உள்தாங்கி, பின்பலகை ஒட்டிய பிறகு உள்முகம் முழுக்க, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலோ சாண்டிங் சீலரோ இரண்டு கை அடியுங்கள். பெட்டியின் வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் போர்ட் வழியாக ஈரக்காற்று உள்ளே போய்வந்துகொண்டேதான் இருக்கும். உள்மூட்டுகளில் சிலிக்கான் பூச நினைத்தால் வினிகர் வாடை அடிக்கும் ரகத்தைத் தவிருங்கள். அதிலிருந்து வரும் அமில ஆவி செம்பை அரிக்கும். வெளிப்புறத்தில் சிலிக்கான் பட்ட கை பட்டால்கூட அந்த இடத்தில் பாலிஷ் ஒட்டாமல் கண்கண்ணாக விலகும்.

வினியர்

கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். 4 மி.மீ. பிளையின்மேல் ஏற்கெனவே ஒட்டியது ஒன்று. வெறும் இதழ் இன்னொன்று. அலமாரிக் கதவுக்கு முதலாவது சரி. பெட்டிக்கு வெறும் இதழ்தான் வேண்டும், தடிமன் சுமார் அரை மி.மீ. ஜோடிக்கு 14 சதுர அடி பரப்பு வருகிறது; 20 அடி வாங்குங்கள். ஒரே கட்டிலிருந்து அடுத்தடுத்த இதழ்களாகக் கேளுங்கள். தனித்தனியாகப் பொறுக்கினால் இரண்டு பெட்டியும் இரண்டு மரமாகத் தெரியும்.

இழை ஓடும் திசையை முன்பே தீர்மானியுங்கள். ஒரு பக்கத்தில் கீழிருந்து மேலேறி, தலையைத் தாண்டி, மறுபக்கம் இறங்குவதுபோல இழை ஓடினால் கூட்டு ஒரே மரத்தில் குடைந்ததுபோலத் தோன்றும். இதற்கு 420, 230, 420 சேர்த்து 1070 நீளம். வெட்டுக்கழிவோடு 1150 நீள இதழ் வேண்டும். அதை மூன்றாக வெட்டும் முன் சாக்பீஸால் குறுக்கே ஒரு நீண்ட முக்கோணம் போட்டுவிடுங்கள், வரிசையும் திசையும் மறக்காது.

இதழின் அகலம் 342ஐத் தொடாவிட்டால் இரண்டை இணைக்க வேண்டும். இரண்டையும் புத்தகம்போல மடித்து, இரண்டு நேரான பலகைக்கு நடுவே ஒரு மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி இறுக்கி, இழைப்புளியால் சேர்த்து இழையுங்கள். விரித்து நல்ல முகத்தில் காகித டேப். முதலில் குறுக்கே சிறு துண்டுகள், பிறகு கோட்டின்மேல் நெடுக ஒன்று. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் கோட்டில் ஒளி ஒழுகக் கூடாது.

சுருண்டு நெளிந்த இதழை அப்படியே ஒட்ட முயன்றால் வெடிக்கும். தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின் கலந்து இருபுறமும் தெளித்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே பலகையும் கனமும் ஏற்றுங்கள். மறுநாள் தாளை மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் படுத்துவிடும்.

இப்போது பசை. தச்சர்கள் பலர் ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசையையே கேட்பார்கள், வேகம்தான் காரணம். லேமினேட்டுக்கு அது பொருந்தும். வெறும் இதழுக்கு இரண்டு தொல்லை உண்டு. மெலமைனோ பி.யூ.வோ (பாலியூரித்தேன் பாலிஷ்) அடிக்கும்போது அதன் தின்னர் இதழின் துளைகள் வழியே இறங்கிப் பசையை இளக்கும், மறுநாள் கொப்புளம். இளக்காவிட்டாலும் ஏப்ரல், மே வெக்கையில் பசை நகர்ந்து இணைப்புக்கோடு வாய்திறக்கும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையும் இஸ்திரிப் பெட்டியும் மெதுவான வழி, ஆனால் நிற்கும். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் சூடு பட்டால் இளகி மறுபடி ஒட்டும். அந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறோம்.

பெட்டியின் பரப்பை 120 உப்புத்தாளால் மங்கலாகும் வரை தேய்த்து, ஈரத்துணி இல்லாமல் வெறும் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். ஃபோம் ரோலரால் பெட்டியிலும் இதழின் பின்முகத்திலும் ஃபெவிகாலைச் சீராகத் தடவுங்கள். பால் வெள்ளை மறைந்து கண்ணாடி நிறம் வரும் வரை காத்திருங்கள். பிப்ரவரியில் முக்கால் மணி நேரம் ஆகும், மழைநாளில் மூன்று மணி நேரமும் போதாது. பெட்டியில் மங்கலாகத் தெரியும் திட்டுகளுக்கு இன்னொரு கை. பசை தடவியதும் இதழ் படகுபோல வளையும், பயப்பட வேண்டாம். நல்ல முகத்தில் தண்ணீரைப் பனிபோலத் தெளித்தால் நிமிரும். விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும். அந்தப் பதத்தில் ஒட்டுங்கள்.

இதழை எல்லாப் பக்கமும் 10 மி.மீ. துருத்தும்படி வையுங்கள். மேலே பிரவுன் பேப்பர். இஸ்திரிப் பெட்டி காட்டன் அளவில், நீராவி அணைத்து. நடுவிலிருந்து தொடங்கி இழையோட்டத்தில் மெல்ல நகர்த்துங்கள். ஒரு கையில் இஸ்திரி, மறு கையில் விளிம்பு உருட்டிய மரக்கட்டை. இஸ்திரி விலகிய இடத்தைக் கட்டையால் அழுத்தி, சூடு ஆறும் வரை விடாதீர்கள். ஒட்டுவது இஸ்திரி இல்லை, ஆறும்போது கொடுக்கும் அழுத்தம்தான். இணைப்புக் கோட்டின்மேல் இஸ்திரியை நிறுத்தினால் இதழ் காய்ந்து சுருங்கிக் கோடு விரியும்.

ஆறியதும் விரல் நகத்தால் பரப்பெங்கும் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டிய இடம் டக்கென்று கெட்டியாகக் கேட்கும், ஒட்டாத இடம் பொள்ளலாகக் கேட்கும். பென்சிலால் வட்டமிட்டு, அங்கே மட்டும் மறுபடி சூடு காட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இழையோட்டத்தில் பிளேடால் ஒரு கீறல், சிரிஞ்சில் ஒரு துளி பசை, பேப்பர், கட்டை, கனம்.

ஒட்டும் வரிசை: அடி, பக்கம் இரண்டு, கடைசியில் தலை. தலையின் இதழ் பக்கத்தின் விளிம்பை மூடும். எதிரே நின்று பார்ப்பவருக்கு வெட்டுக்கோடு கண்ணில் படாது. ஒவ்வொரு முகத்தின் துருத்தலையும் வெட்டிச் சீராக்கிய பிறகே அடுத்த முகம். வெட்டும்போது பெட்டியை வினியர் கீழே இருக்கும்படி சமமான பலகையில் கவிழ்த்து, புது பிளேடால் மூன்று நான்கு மெல்லிய வரிகளில் வெட்டுங்கள். இழைக்குக் குறுக்கே வெட்டுகையில் இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி வர வேண்டும். ஒரே இழுப்பில் முடித்தால் கடைசி மூலை பிய்ந்து வரும். மிச்சத்தை 180 தாள் சுற்றிய கட்டையால் எப்போதும் பெட்டியை நோக்கித் தள்ளியே தேயுங்கள். திரும்ப இழுத்தால் விளிம்பு உரியும்.

முன்பலகையைக் கூட்டோடு ஒட்டும் முன்பே தனியாகக் கிடத்தி வினியர் போடுவது எளிது. ஒரு முகத்துக்கு மட்டும் போட்டால் பலகை வளையும். பின்முகத்துக்கும் மலிவான இதழ் ஒன்றைப் போட்டுவிடுங்கள். அதன் நான்கு விளிம்புக்கும் 5 மி.மீ. தேக்கோ அயனியோ சட்டமாக ஒட்டுவதாக இருந்தால் பலகையை அந்த அளவு குறைத்து வெட்ட வேண்டும். சட்டம் ஒட்டி, சமமாக இழைத்து, அதன் பிறகு வினியர். ஊஃபர் உட்காரும் பள்ளத்தை வினியர் போட்ட பின் ரவுட்டரால் எடுங்கள். எடுக்கும் முன் வட்டத்தைக் கத்தியால் கீறிவிட்டால் ஓரம் சிதறாது.

பாலிஷ்

இரண்டு நாள் விட்டு, காகித டேப்பை ஈரத்துணியால் நனைத்து உரித்து, 180, 240, 320 என்று கையால் தேயுங்கள். ஆர்பிட்டல் சாண்டரை விளிம்புக்குக் கொண்டுபோகாதீர்கள். அரை மி.மீ. என்பது நினைப்பதைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும், அடியிலிருந்து பலகை எட்டிப்பார்த்தால் திருத்த வழியில்லை.

அரக்குப் பாலிஷ் தேக்குக்கு அழகு, ஆனால் ஈரக்காற்றில் வெள்ளை பூக்கும். லேக்கரும் அப்படித்தான். இந்த ஊருக்கு பி.யூ. மேட் பொருத்தம்: சீலர் இரண்டு கை, இடையே 320 தாள், மேலே டாப்கோட் இரண்டு கை. காலை 10 மணிக்குப் பிறகு தொடங்கி மாலை 3 மணிக்குள் முடியுங்கள். அடிமுகத்துக்கும் அதே எண்ணிக்கை. கண்ணுக்குத் தெரியாத முகம் என்று அதை விடுகிறவர்களின் பெட்டிதான் தரையின் ஓதத்தை முதலில் குடிக்கிறது.

கிராஸ்ஓவர்

3000 ஹெர்ட்ஸில், 8 ஓமுக்கு, இரண்டாம் நிலை லிங்க்விட்ஸ் ரைலி வகைக்கு 0.85 மில்லிஹென்றி காயிலும் 3.3 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் வரும். இரண்டு பக்கத்துக்கும் அதே எண்கள்தான். ஊஃபருக்குக் காயில் தொடராக, கப்பாசிட்டர் குறுக்காக. ட்வீட்டருக்கு நேர்மாறு.

ஊஃபரின் டி.சி. தடை 5.8 ஓம், இண்டக்டன்ஸ் 0.6 மில்லிஹென்றி என்றால் அதன் முனைகளுக்குக் குறுக்கே 7.5 ஓம் 10 வாட் ரெசிஸ்டரும் 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் தொடராகப் போடுங்கள். இல்லாவிட்டால் மேல் அதிர்வெண்ணில் ஊஃபரின் தடை ஏறிக் கணக்கைக் கெடுக்கும். ட்வீட்டர் ஊஃபரைவிட 4 டெசிபல் அளவுக்குச் சத்தமாக இருந்தால் 3.3 ஓம் தொடராகவும் 12 ஓம் ட்வீட்டருக்குக் குறுக்காகவும். இது 4.5 டெசிபல் குறைக்கும், கிராஸ்ஓவருக்குத் தெரியும் தடை 8 ஓமிலேயே நிற்கும்.

காயில் சுற்ற மோட்டார் வைண்டிங் கடையில் 19 கேஜ் எனாமல் செம்புக்கம்பி கிடைக்கும். 25 மி.மீ. விட்டம், 25 மி.மீ. அகலமுள்ள உருளையில் சுமார் 197 சுற்று. 205 சுற்றிவிட்டு, மில்லிஹென்றி அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர் வைத்து அவிழ்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு காயிலுக்கு 21 மீட்டர் கம்பி, 155 கிராம் அளவில் பிடிக்கும். இரண்டு காயிலை ஒன்று படுத்தும் ஒன்று நின்றும் இருக்கும்படி, விலக்கி வையுங்கள். பக்கத்தில் இணையாக வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் இன்னொன்றில் பாயும். இரும்பு ஸ்க்ரூவால் காயிலை இறுக்க வேண்டாம், கேபிள் டை போதும். பிளஸ், மைனஸ் உள்ள சாதாரண போலார் கப்பாசிட்டரைப் போட்டுவிடாதீர்கள், 100 வோல்ட் பாலியெஸ்டரோ பாலிப்ரொப்பிலீனோ வேண்டும்.

ட்வீட்டரின் பிளஸ், மைனஸை மாற்றி இணைக்க வேண்டிய வகை இது. சந்தேகம் வந்தால் 3000 ஹெர்ட்ஸ் டோனை ஒலிக்கவிட்டு, ஒரு மீட்டர் தூரத்தில் ட்வீட்டர் உயரத்தில் போனின் சவுண்ட் மீட்டரை வைத்து இரண்டு விதமாகவும் பாருங்கள். ஒன்றில் சத்தம் பள்ளமாக விழும். மற்றதுதான் சரி.

பூட்டுவதும் சோதனையும்

போர்ட்டுக்கு 63 மி.மீ. பி.வி.சி. குழாய். உள்விட்டம் 59 என்றால் நீளம் 137 மி.மீ., முன்பலகையின் தடிமனும் சேர்த்து. அழுத்தம் தாங்கும் குழாய் எடுத்து உள்விட்டம் 57 ஆனால் நீளம் 126 ஆகிவிடும். அதனால் உள்விட்டத்தை வெர்னியரால் அளக்காமல் வெட்டாதீர்கள். 150 வைத்து வெட்டி, ஒட்டாமல் சொருகி, 45 ஹெர்ட்ஸைச் சுற்றி டோன் ஓட்டிப் பாருங்கள். எந்த அதிர்வெண்ணில் கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறதோ அங்கேதான் போர்ட் ஒலிக்கிறது. கீழே நின்றால் 5 மி.மீ. வீதம் அறுங்கள். சரியானதும் குழாயின் வெளிமுகத்தைச் சொரசொரப்பாக்கி அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். உள்முனையில் கண் பெரிய நைலான் வலை ஒன்றைக் கேபிள் டையால் கட்டிவிடுங்கள். நம் வீடுகளில் இந்தக் குழாயை மண்குளவி கண்டுபிடித்துவிடும். ஒரு மாதம் பாட்டுக் கேட்காமல் விட்டால் உள்ளே மண்ணும் புழுவும். பல்லி முட்டையிட்ட பெட்டியும் உண்டு.

உள்ளே தலை, பின், ஒரு பக்கம் ஆகியவற்றுக்கு 25 மி.மீ. பாலியெஸ்டர் பஞ்சு. குழாயின் வாயை விட்டு 7 செ.மீ. தள்ளியே நிற்கட்டும். இலவம்பஞ்சு பறந்து வாய்ஸ் காயிலுக்குள் போகும். கயிறுதும்பு நம் ஊரில் மலிவு என்றாலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், தூசி கொட்டும்.

ஊஃபர் சட்டத்துக்கு அடியில் ஃபோம் டேப் கேஸ்கட். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ். சாதா இரும்பு ஸ்க்ரூ கடலோரத்தில் ஒரு வருடத்தில் வினியரில் துருக்கறை இறக்கும். இறுக்கும்போது கோன்மேல் அட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஸ்க்ரூ ட்ரைவரைப் பிடுங்கும், நுனி கோனில்தான் போய் இறங்கும்.

ஊஃபரின் திசையை 1.5 வோல்ட் செல்லால் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், பிளஸ்ஸுக்குப் பிளஸ் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். ட்வீட்டரில் செல்லை வைக்காதீர்கள். காற்று ஒழுக்குக்கு உள்ளங்கையால் போர்ட்டை அடைத்து, கோனை இரண்டு விரலால் மெல்ல உள்ளே தள்ளி விடுங்கள். தயங்கித் தயங்கி வந்தால் பெட்டி காற்று ஒழுகாமல் அடைந்திருக்கிறது. விட்டதும் துள்ளி வந்தால் எங்கோ ஒழுகுகிறது. முதலில் பார்க்க வேண்டியது டெர்மினல் தட்டின் (ஆம்ப்ளிஃபயர் வயர் மாட்டும் தட்டு) ஓரம். பெரும்பாலான ஒழுக்கு அங்கேதான்.

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் இல்லாமல் ஸ்டாண்டில், ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்தில் வையுங்கள். கான்கிரீட் அறையின் மூலையில் தள்ளினால் பேஸ் கொழகொழத்துப்போகும். மழைக்காலத்தில் பெட்டியைத் துணி போட்டு மூடி வைக்கும் பழக்கம் வேண்டாம். துணி ஈரத்தைப் பிடித்து வைக்கும். தினமும் ஒரு மணி நேரம் பாட்டு ஓடினால் போர்ட் வழியாகக் காற்று உள்ளே போய்வந்து பூசணம் பிடிப்பது குறையும்.